கோடாலி ஓங்கும் நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு லேசாகக் கண்ணயர்ந்திருந்தேன். பக்கத்து அறையில் என் மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்த ஊரிலோ உட்கார்ந்து கூடவே கம்ப்யூட்டர் கேம் விளையாடும் யாரையோ பிடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். "அந்தச் சுத்தியல இவ்ளோ ஸ்லோவா வச்சிருக்கானுங்க. நிஜத்துல ஒரு அடி அடிக்க இவ்ளோ நேரமா ஆகும்?"

தூக்கம் போய்விட்டது. உங்களுக்கு இது பிள்ளைகளின் சாதாரணப் பேச்சாகத்தான் படும். எனக்கு அப்படி இல்லை. இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன், இதைவிடச் சத்தமாக.

ஓசூர் என்றதும் எனக்கு முதலில் வாசனைதான் வரும். எல்லாரும் ரோஜாத் தோட்டத்தைச் சொல்வார்கள். நான் சொல்வது அதை இல்லை. லேத்தில் இரும்பு வெட்டும்போது ஊற்றுவார்களே, பால் மாதிரி ஒரு கூலன்ட், அதன் வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் சட்டையை விட்டுப் போகாது. இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருஷங்களில், வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டிரெயினியாகச் சேர்ந்திருந்தேன். கோவில்பட்டி வெயிலில் வளர்ந்த உடம்பு. ஓசூர்க் குளிருக்குப் பயந்து மார்ச் மாதம் வரை குல்லாய் போட்டுக்கொண்டு திரிந்த ஒரே ஆள் நான்தான் என்று கம்பெனி பஸ்ஸில் பேர் வாங்கியிருந்தேன்.

அதே கூலன்ட் வாசனை இன்னொரு இடத்திலும் வரும். மஞ்சுவின் பிரவுசிங் சென்டரில், கீபோர்டுகளில். ஷிப்ட் முடிந்ததும் நேராக அங்கே போகிறவர்கள்தான் நாங்கள் எல்லாரும். மஞ்சு கன்னடக்காரர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசிவிடுவார். ஈ-மெயில் பார்க்க வருகிறவர்களைவிட வாள் சண்டை போட வருகிறவர்கள்தான் அவருக்கு வாடிக்கை. கம்ப்யூட்டர்களை ஒயரில் இணைத்து ஒரு விளையாட்டுப் போட்டு வைத்திருந்தார். இடிந்த கோட்டை ஒன்றின் முற்றம். அதில் ஆளுக்கொரு வீரனை எடுத்துக்கொண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். நாங்கள் தட்டும் தட்டில், "ஸ்வல்ப மெல்ல சார், கீபோர்டு பாவம்" என்பார் மஞ்சு.

ஸ்டீபனும் மாதுவும் என் அறைக்காரர்கள். ஸ்டீபன் கிருஷ்ணகிரிப் பக்கம், சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவன், எங்கள் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தான். எதையும் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டான். மாதுவுக்குச் சிங்காரப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. மாது என்றதும் நான் பெண் பெயர் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அந்தப் பக்கம் அது ஆண்களுக்கு வைக்கிற பெயராம். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க ஊர்ல கூப்டு பாருணா, நாலு பேரு திரும்புவான்" என்றான்.

மாது எப்போதும் கோடாலிக்காரனைத்தான் எடுப்பான். அந்த வீரன் ஆள் மலை மாதிரி இருப்பான். ஆனால் கோடாலியைத் தோளுக்கு மேல் தூக்கி, ஒரு நொடி நிறுத்தி, அப்புறம்தான் இறக்குவான். அதற்குள் இரட்டைக் கத்திக்காரன் நாலு கீறு கீறிவிட்டு ஓடிவிடலாம். மாதுவிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. தன் வெட்டு தப்பிப்போனால்தான் அவனுக்குச் சிரிப்பு வரும். நாங்கள் விலகி ஓடியதும் கைதட்டுவான். இவன் ஜெயிக்கத்தான் வந்தானா என்று எங்களுக்குச் சந்தேகமாக இருக்கும்.

அந்த மெதுவான கோடாலி ஸ்டீபனுக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஊர்ல வெறகு பொளக்கறவன் எவனும் இப்படி யோசிச்சு யோசிச்சு ஓங்க மாட்டான். சுத்தப் பொய்யி" என்பான். நானும் அவன் கட்சி.

மாது பொறுமையாகப் பதில் சொல்வான். "கத்தி கணக்கா கோடாலியும் வேகமா வந்தா, எவன் கத்திய எடுப்பான்? அல்லாரும் கோடாலியத்தான் எடுப்பான். அப்புறம் ஆட்டம் என்னாத்துக்கு?"

இந்தச் சண்டை கம்பெனி பஸ்ஸிலும் கேன்டீனிலும் தொடர்ந்தது. ஒருநாள் ஸ்டீபன், செய்தே பார்த்துவிடலாம் என்றான். வீட்டுக்குப் பின்னால் காலி மனை. கடப்பாரையைக் கோடாலியாக வைத்துக்கொண்டு நான் ஓங்கி ஓங்கி இறக்க, அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டுக்கார அம்மா தெலுங்குக்காரர். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏமி பாபு, பாவி தவ்வுதாரா?" என்றார். என்னைத்தான் பாவி என்கிறார் என்று கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டேன். தெலுங்கில் பாவி என்றால் கிணறாம். கிணறு தோண்டுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். மாது அந்த இடத்துக்கே வரவில்லை. தலைவலி என்று அறையில் படுத்திருந்தான்.

அதற்கப்புறம்தான் ஸ்டீபன் அந்த வேலையைச் செய்தான். விளையாட்டின் போல்டருக்குள் ஆயுதங்களின் வேகமெல்லாம் எண்களாக எழுதியிருந்த ஒரு பைலைக் கண்டுபிடித்தான். மஞ்சுவிடம் கேட்டுக்கொண்டு, கோடாலியின் எண்ணை மாற்றிவிட்டான். "இப்ப ஆடிப் பாரு. இதான் நெசம்."

ஆடினோம். மாது வழக்கம்போலக் கோடாலிக்காரனை எடுத்தான். எதிரில் நான். அவன் மவுஸைத் தட்டியதுதான் தெரியும், என் ஆள் தரையில் கிடந்தான். ஓங்கியதையே நான் பார்க்கவில்லை. ஸ்டீபன் பின்னாலிருந்து விசிலடித்தான். நான் திரும்பி மாதுவைப் பார்த்தேன். முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான், செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனான்.

எதிர்த்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீ வந்து ஆடை கட்டியது.

"எங்கப்பாவும் சித்தப்பாவும் வரப்புல நின்னு பேசிகினு இருந்தாங்கணா" என்றான் திடீரென்று. "சண்ட கூட இல்ல, பேச்சுதான். நான் பின்னால புல்லுக்கட்டோட நின்னுகினு இருந்தன். சித்தப்பா கைல கோடாலி. வேலி முள்ளு வெட்டக் கொண்டாந்தது. என்னமோ தோணிச்சு, அப்பான்னு கூப்ட வாயத் தொறந்தன். வாயில இருந்து சத்தம் வரல, அதுக்குள்ள முடிஞ்சி போச்சு."

டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"ஸ்டீபன் சொல்றது கரெட்டுதான்ணா. நெசத்துல அவ்ளோ நேரம் ஆவாது. ஆனா அதுல அவன் தூக்கறான் பாரு, தோளுக்கு மேல போவுது, நிக்குது. எதுத்தாப்ல நிக்கறவன் பாத்துடறான். வெலகிக்கறான்." டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னான்: "எனுக்கு அதான் புடிக்கும்."

நான் ஸ்டீபனிடம் சொன்னேன். மறுநாள் அவன் மஞ்சுவின் கடைக்குப் போய் எண்ணைப் பழையபடி மாற்றினான். பழையபடி என்றா சொன்னேன்? இல்லை. முன்பிருந்ததைவிட இன்னும் மெதுவாக்கிவிட்டு வந்தான். மாது அடுத்த தடவை ஆடியபோது கோடாலி மேலே போய் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. சென்டரில் எல்லாரும் சிரித்தார்கள். மாது திரும்பி ஸ்டீபனைப் பார்த்தான். அதற்கப்புறம் அந்த வாதத்தை நாங்கள் யாரும் எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் மாதுவின் செல்போனுக்கு ஊரிலிருந்து ஓயாமல் கால் வர ஆரம்பித்தது. சித்தப்பா ஜெயிலிலிருந்து வந்துவிட்டார். பேசுவது தாய்மாமன். அவர் பேசுவது எங்களுக்கே கேட்கும். "நீ ஆம்பளப் புள்ளதானடா?" மாது சரி, சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் அறையைக் கூட்டும்போது அவன் கட்டிலுக்கடியில் சாக்கில் சுற்றிய ஒன்று துடைப்பத்தில் தட்டியது. பிரித்துப் பார்க்கத் தேவைப்படவில்லை. இரும்புச் சத்தம், மரக் கைப்பிடி. நானும் ஸ்டீபனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கேட்கத் தைரியமில்லை. அதற்குப் பிறகு அவன் ஊருக்குப் போகிறேன் என்று பையெடுத்தால், எங்களில் ஒருவன் ஏதாவது சாக்குச் சொல்லிக் கூடவே போவது என்று முடிவு செய்தோம்.

அவன் போகவில்லை. சித்தப்பாவே வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. கதவைத் தட்டியவர் ஒல்லியாக, முன்பல் இரண்டு இல்லாமல், கையில் ஒரு மஞ்சள் பையோடு நின்றார். எனக்கு யாரென்று தெரியாது. "மாது இருக்கானா கண்ணு?" என்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். மாது கட்டிலில் இருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும்தான் யாரை உள்ளே விட்டிருக்கிறேன் என்று புரிந்தது.

ஸ்டீபன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கீழே வைத்தான். அதை எடுக்கப் பெரியவர் கையைத் தூக்கினார். வயசான கை, மெதுவாகத்தான் தூக்கினார். மாது சடாரென்று பின்னால் நகர்ந்து சுவரில் மோதிக்கொண்டான்.

பெரியவர் பார்த்துவிட்டார். தூக்கிய கையைக் கீழே இறக்கி, மடியில் வைத்து, மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரை எடுக்கவே இல்லை.

"உங்கம்மா கதவ சாத்திக்கிச்சு. ஞாயந்தான்" என்றார். "ஊருக்குள்ள வரலாமான்னு உன்னியத்தான் கேக்கணும். நீ வேணாம்னா இப்படியே போயிடறன்."

எங்கள் இரண்டு பேரின் கண்ணும் கட்டிலுக்கடியில்தான் இருந்தது. ஸ்டீபன் மெல்லப் போய்க் கட்டிலின் ஓரத்தில், சாக்கை மறைத்துக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

மாது ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "எங்கப்பா எதுனா சொன்னாரா? எனுக்குக் காதுல வுழல."

பெரியவர் தலையை ஆட்டினார். "இல்ல மாது. நேரமே இல்ல."

தெருவில் யாரோ கன்னடத்தில் காய்கறி கூவிக்கொண்டு போனார்கள். மாது முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பெரியவரும் அழுதார், ஆனால் பிடித்திருந்த தன் கையை விடவில்லை. அப்புறம் மாது முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஊருக்கு வர வேணாம். அம்மா தாங்காது." பெரியவர் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாது அவர் பின்னால் நாலு எட்டு நடந்து, தெரு முனையில் நின்றுவிட்டான்.

சாக்கிலிருந்த கோடாலியை மறுநாள் காலையில் மாதுவே வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டான். அவர் மாட்டுக்குத் தழை கழிக்க வைத்துக்கொண்டார். மாமன் இரண்டொரு தடவை கூப்பிட்டுத் திட்டினார், அப்புறம் கூப்பிடவில்லை.

அந்த வருஷக் கடைசியில் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டேன். ஸ்டீபன் கல்யாணமாகிப் பெங்களூர் போனான். மாதுவோடு பொங்கலுக்குப் பொங்கல் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பொங்கலுக்கு அவன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது.

சில வருஷம் முன்பு ஒரு கல்யாணத்துக்காக ஓசூரில் இறங்கினேன். நாங்கள் இருந்த வரிசை வீடும் காலி மனையும் இருந்த இடத்தில் அடுக்குமாடி நின்றது. எந்த வாசல் எங்கே இருந்தது என்றுகூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கவர் விற்கும் கடையில் மஞ்சு உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

மாதுவைப் பற்றிக் கேட்டேன்.

"நீங்க போன மேல ஒரு தடவ வந்தாரு சார். முன்பல்லு ரெண்டு இல்லாத ஒரு வயசானவர கூட்டிட்டு வந்தாரு. பக்கத்துப் பக்கத்துச் சேர்ல உக்காந்தாங்க. அந்தக் கோடாலி ஆள பெரியவருக்குக் குடுத்துட்டு, எது அமுக்கணும்னு மாது சாரே சொல்லிக் குடுத்தாரு. பெரியவரு ஒரே வாட்டி அமுக்கினாரு. கோடாலி மேல போயி நின்னுச்சு. ரெண்டு பேரும் அதையே பாத்துட்டு இருந்தாங்க. மாது சார் அவர் ஆள நகத்திட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் பெரியவரு மவுஸ தொடவே இல்ல சார். கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்துட்டுப் போய்ட்டாங்க."

அது எந்த வருஷம் என்று கேட்டேன். மஞ்சுவுக்கு ஞாபகமில்லை. கடையை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் என்றார். கம்ப்யூட்டர்களெல்லாம் எடைக்குப் போய்விட்டன. அந்த விளையாட்டின் சிடியைக் கேட்டேன், அதுவும் இல்லை. பெரியவர் யாரென்று மஞ்சு கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாதுவின் நம்பர் அவரிடமும் இல்லை.