ஊமைப் படத்துக்குப் பெரியம்மா கொடுத்த குரல்

லண்டன் மோர்டனில் நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, பழைய காலத்து மனிதர் ஒருவரைப் பற்றி ஒவ்வொருவரும் வகுப்பில் பேச வேண்டும் என்றார் ஆசிரியை. மற்றப் பிள்ளைகள் அரசிகளையும் மாலுமிகளையும் பிடித்துக்கொண்டார்கள். நூலகத்தில் எனக்கு அகப்பட்டது, ஊமைப் படக் காலத்து ஹொலிவூட் நடிகை ஒருத்தியைப் பற்றிய மெல்லிய புத்தகம். அட்டையில் இருந்த அவள் கண்கள் என்னை விடவில்லை.

அவள் கதையைப் பெரியம்மாவுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லிப் பழகினேன். பெரியம்மா ஊரில் வானொலி நாடகங்களில் நடித்தவர். லண்டனில் எங்களோடு வந்து இருந்தபிறகு, கடையிலும் டொக்டரிடமும் அவருக்காக ஆங்கிலத்தில் வாய் திறப்பது நான்தான்.

நடிகை சிறுமியாய்க் கப்பலேறி அமெரிக்கா வந்தவள். கையுறைத் தொழிற்சாலையில் தைத்தாள். ஒரு படத்தில் கூட்டத்தோடு கூட்டமாய் நிற்கப் போனாள். எல்லோரும் கமராவைப் பார்க்க, இவள் மட்டும் உண்மையாகவே அழுதுகொண்டு நின்றாளாம். சில வருடங்களில் சுவரெல்லாம் அவள் முகம். பிறகு பேசும் படம் வந்தது. ஒலிவாங்கிக்கு முன்னால் இருத்திப் பேசச் சொன்னார்கள். பேச்சில் சொந்த நாட்டு வாடை அடித்தது. அதற்குப்பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. அவள் தொப்பிக் கடை வைத்தாள்.

"குரல் எப்பிடி இருந்ததாம்?" என்று கேட்டார் பெரியம்மா.

"புத்தகத்திலை இல்லை."

"அவவின்ரை சப்பாத்தின்ரை அளவு கூட எழுதியிருக்கினம், அதை எழுதேல்லையோ?"

"அவ ஒழுங்கா இங்கிலிஷ் படிச்சிருக்கலாம்" என்றேன் நான். பெரியம்மா சிரித்தார்.

பேச்சு நாளன்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஷிப்ட். பெரியம்மாதான் வந்து பின்வரிசையில் இருந்தார். ஆசிரியை அந்த நடிகையின் படத்தில் ஒரு துண்டைத் திரையில் ஓட விட்டார். பூட்டிய கதவொன்றின் முன்னால் நின்று அவள் மன்றாடுகிறாள். நடப்பதை நான் விளக்க வேண்டும். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் என்னையே பார்க்க, நான் எழுதிவைத்த தாளில் முதல் வரியைத் தேடிக்கொண்டே நின்றேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"கதவைத் திறவுங்கோ! ஒரேயொரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போறன்."

பெரியம்மா எழுந்து நின்றிருந்தார். திரையில் உதடு அசைந்த இடமெல்லாம் சொல் விழுந்தது. அவள் விம்மியபோது இவர் குரல் உடைந்தது. துண்டு முடிந்ததும் வகுப்பே கைதட்டியது. ஆனால் என் பக்கத்து மேசைக்காரன் அந்தத் தமிழைக் கொழகொழவென்று சொல்லிக் காட்டினான். எனக்குக் காது சுட்டது.

வாசலில் ஆசிரியை எங்களை மறித்தார். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்து காட்ட, வெள்ளிக்கிழமை வருவாரா என்று பெரியம்மாவைக் கேட்கச் சொன்னார். பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"மிஸ் நன்றி சொன்னவ" என்றேன்.

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ? வெள்ளிக்கிழமை எண்ட மாதிரிக் கேட்டுது."

"இல்லை."

ஆசிரியையிடம், பெரியம்மாவுக்கு ஏலாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பெரியம்மா காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளித்தார். சளி, தடிமன் பிடித்திருக்கிறது என்று நினைத்து, நான் தள்ளியே படுத்தேன்.