வெள்ளாறு எங்கள் ஊர் ஆறு

என் பேத்தி ஒரு கதைப் புத்தகம் படிக்கிறாள். யாருமில்லாத தீவில் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். தலைவனாக நிற்கிற பையன் தப்புக்கு மேல் தப்பாகச் செய்கிறான். "இப்படிக்கூட ஒரு மடையன் இருப்பானா தாத்தா?" என்று கேட்டாள். நான் செருமிக்கொண்டே வெளியே போய்விட்டேன்.

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மாட்டு வண்டியில் செங்கல் அடித்துத் தொடங்கி, இன்றைக்குப் புவனகிரியில் மூன்று சூளை, ஒன்பது டிராக்டர். எவனும் கை தூக்கிவிடவில்லை. பதினோரு வயதிலேயே மூன்று பிள்ளைகளை உப்பங்கழியிலிருந்து காப்பாற்றியவன் என்று நான் பேசாத கல்யாண வீடு கிடையாது. அந்தக் கதையில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது.

பரங்கிப்பேட்டைப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். "தம்பி கையை உட்றாதடா" என்று சொல்லித்தான் அம்மா பஸ் ஏற்றிவிட்டாள். அவனுக்கு ஆறு வயது. அத்தை மகளுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு, அவள் தம்பி இன்னும் பொடியன். நண்டு பிடிக்கலாம் என்று மாமாவின் சின்னத் தோணியைக் கிளப்பியது நான். சுரபுன்னைக் காட்டுக்குள் ஒரு மண் திட்டில் இறங்கி, மாடு கட்டுகிற மாதிரி தோணியைக் கிளையில் கட்டியதும் நான். திரும்பிப் பார்த்தால் கிளை இருந்தது, தோணி இல்லை.

"தண்ணி ஓடுற பக்கமே நடப்போம். கடல் வந்துடும், அங்க ஆள் இருக்கும்" என்றேன்.

"இப்ப ஏத்தம் மச்சான். தண்ணி கடல்லேர்ந்து உள்ள வருது. அது கூடப் போனா காட்டுக்குள்ளதான் போவோம்" என்றாள் அத்தை மகள்.

"வெள்ளாறு எங்க ஊரு ஆறு. எங்க ஊரத் தாண்டிதான் உங்க ஊருக்கே தண்ணி வருது. எனக்குத் தெரியாதா?"

"ஆறு உங்க ஊருதான். இந்தத் தண்ணி உப்பா இருக்கே, நக்கிப் பாரேன்."

அவள் தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது. வாங்கடா என்று நடந்தேன். யாரும் அசையவில்லை. தம்பியை இழுத்தேன், அவன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். "இருந்தா இருடா" என்று கையை உதறிவிட்டுப் போனேன். "அண்ணே, அண்ணே" என்று கத்தினான். நான் திரும்பவில்லை.

போகப் போகச் சேறு. கால்வாய் குறுகி, வேர்கள் வழியை அடைத்துக்கொண்டன. முழங்காலில் இருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ஒரு வேரைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் வந்த வழியே எதிர்த் தண்ணீரில் தடவித் தடவித் திரும்பினேன்.

திட்டில் கால் வைக்கிற இடம்தான் பாக்கி. என் தம்பி அவள் இடுப்பில் இருந்தான், அவள் தம்பி அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய சிவப்புச் சட்டை கிளை உச்சியில் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஏறி நின்றேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

ஏத்தம் நின்று தண்ணீர் கடல் பக்கம் வடியத் தொடங்கியதும் ஆளில்லாத தோணி மிதந்து வந்ததைப் பார்த்துத் தேடி வந்த மாமா, சட்டையைக் கண்டு எங்களிடம் சேர்ந்தார். "எடம் மாறாம நின்னீங்களே, அதான் பொழைச்சீங்க. இல்லன்னா இந்தக் காட்டுல எங்கன்னு தேடுறது? யாரு சொன்ன யோசனை?"

நான் தோணியின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான்தான்" என்றாள்.

"புவனகிரியானுக்கு இவ்ளோ அறிவா" என்று மாமா என் தலையைத் தடவினார். நானும் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயந்துகொண்டுதான் அவள் அப்படிச் சொன்னாள் என்று நினைத்தேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ரோட்டைக் கடக்கத் தம்பிக்குக் கையை நீட்டினேன். அவன் பார்த்தான். இரண்டு கையையும் டவுசர் பைக்குள் விட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் தனியாக நடந்து வந்தான்.

பயல் பெரியவனாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.