வெண்டெலின் சிபாரிசு

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக் கிராமம் எங்களுடையது. எங்கள் ஊரிலிருந்து பேர்போன ஒரு கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியவர் வெண்டெல் ஒருவர்தான். வாங்கி என்ன, அப்பா செத்ததும் திரும்பி வந்து, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயை வீடு வீடாக ஊற்றும் லாரியைத்தான் ஓட்டினார். பழைய மாணவர் சிபாரிசுக் கடிதம் கொடுத்தால் கல்லூரிக் கதவு திறக்கும் என்று எந்தப் புண்ணியவாளன் சொன்னானோ, வருடா வருடம் தாய்மார்கள் நாங்கள் ஆப்பிள் கேக்கும் கையுமாக அவர் வீட்டுக்குப் போவோம். மனிதருக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது.

என் மகள் டெலியாவுக்கும் எழுதினார். மற்ற கல்லூரிகள் கையை விரித்துவிட்டன. இது மட்டும் அவளைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்தது. மே மாதம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. வெண்டெலை லாரியிலிருந்து இறக்கி, என் காரில் ஏற்றிக் கல்லூரிக்கே கொண்டுபோனேன்.

சேர்க்கை அலுவலகத்துப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"உங்க கடிதம் வருஷா வருஷம் வருது சார்."

"அப்ப டெலியாவ எடுத்துக்கோங்கம்மா. நான் பாத்ததுலயே கெட்டிக்காரப் பொண்ணு அவதான்."

"போன வருஷம் ஒரு பையனுக்கும் இதையேதான் எழுதியிருந்தீங்க. அதுக்கு முந்தின வருஷமும்." குரலைத் தணித்துக்கொண்டாள். "பாடம் நடத்தின டீச்சர் சொல்றதத்தான் சார் பாப்போம். இந்த வருஷம் பட்டியல்லேருந்து யாரையும் எடுக்கல. சாயங்காலம் எல்லாருக்கும் தகவல் போயிடும்."

காரில் ஏறியதும் கத்தினேன். "எல்லாருக்கும் ஒரே மாதிரியா எழுதுவீங்க?"

"அம்மாக்காரி எதிர்ல வந்து உக்காந்திருக்கும்போது வேற என்னத்த எழுத?" என்று சொல்லி அழுதார். எனக்கு இரக்கமே வரவில்லை.

அவர் வீட்டு வாசலில் எங்கள் ஊர் ஜோலின் நின்றுகொண்டிருந்தாள். அவள் பையன் அடுத்த வருடம் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கையில் கேக்.

"எடுத்துட்டுப் போ ஜோலின். என் கடிதத்தால ஒரு பிரயோஜனமும் இல்ல," என்றார் வெண்டெல். வாழ்க்கையில் முதல் தடவையாக மறுத்தார்.

அவள் என்னைத்தான் முறைத்தாள்.

"இவ பொண்ணுக்கு மட்டும் எழுதலாம். என் பையன்னா கசக்குதாக்கும்."

அப்போது என் போன் அடித்தது. டெலியா. எடுத்தேன். தகவல் வந்துவிட்டது போல, விசும்பல்தான் கேட்டது.

"என்ன, இடம் கிடைச்சிருச்சாமா?" என்றாள் ஜோலின்.