‘சக்சஸ்’ என்று வந்தது, ஃபோன் வரவில்லை

2014-ஆம் வருஷம், ஐப்பசி மாசம். நான் திண்டிவனத்தில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராம் எழுதும் வேலையில் இருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஆபீஸ். முதலாளியையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர். காணை பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து விழுப்புரம் வந்து, அங்கிருந்து தினமும் ரயில் பிடித்துப் போவேன்.

எங்கள் கம்பெனியின் வேலை இதுதான். மரக்காணம் பக்கத்துக் கடலோர ஊர்களில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்குத் தினமும் விடிவதற்கு முன்னால் ஒரு ஃபோன் போகும். எடுத்தால், பதிவு செய்த குரல் அன்றைக்குக் காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம், போகலாமா வேண்டாமா என்று சொல்லும். இதற்கு மாதச் சந்தா. பெரிய புயல் என்றால் அரசாங்கமே சொல்லிவிடும். இது அன்றாடக் காற்றுக்கு.

சந்தாக் கணக்கைப் பார்க்க அந்த வருஷம்தான் வெளியூர்க் கம்பெனி ஒன்றின் பில்லிங் சர்வீஸுக்கு மாறினோம். எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து இன்டர்நெட் வழியாக அதற்குக் கட்டளை அனுப்பலாம். இந்த வாடிக்கையாளரைச் சேர், இவருடைய சந்தாவை ரத்து செய், ரத்தானதை மறுபடி உயிர்ப்பி என்று எதைச் சொன்னாலும் செய்யும். செய்துவிட்டு ‘சக்சஸ்’ என்று பதில் அனுப்பும். பழைய கணக்கிலிருந்து எல்லாரையும் புதுசுக்கு மாற்றியது நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸுக்கு ஒரு ஃபோன் வந்தது. கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில் மகளிர் குழு நடத்துகிற அக்கா. மீன் விற்கிறவர். அந்த ஊர்ச் சந்தா முழுக்க அவர் மூலமாகத்தான் வரும். ரெண்டு நாளாக ஊரில் யாருக்குமே ஃபோன் வரவில்லை என்றார். பார்த்தால், அந்த ஊர் நம்பர்கள் ஐம்பத்திரண்டும் பழைய கணக்கில் முன்னால் ஒரு பூஜ்யத்தோடு இருந்திருக்கின்றன. புதுசில் பூஜ்யம் இல்லை. ரெண்டும் பொருந்தாததால், சந்தாவைப் புதுப்பிக்கவில்லை என்று நினைத்து சிஸ்டம் அத்தனை பேரையும் ரத்து செய்துவிட்டது. தப்பு என்னுடையது.

எனக்குப் பெரிய பதற்றம் ஒன்றும் வரவில்லை. ஐம்பத்திரண்டு பேரையும் ஒவ்வொருவராக உயிர்ப்பிக்க ஒரு குட்டி புரோகிராம் எழுதினேன். ஓட்டினேன். திரையில் ஐம்பத்திரண்டு சக்சஸ் வரிசையாக வந்தது. எனக்கே என்மேல் ஒரு பெருமை. என் மொபைலிலிருந்தே அக்காவைக் கூப்பிட்டு, “எல்லாம் சரி பண்ணியாச்சுக்கா. நாளைக்குக் காலைல வந்துடும்” என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் இன்னும் விடியவில்லை. என் மொபைல் அடித்தது. அக்காதான்.

“பாப்பா, ஃபோன் வர்லியே. வரும் வரும்னு பாத்துக்கினு இருந்தாங்க. மூணு போட்டு போயிடுச்சு. மத்தவங்க தள்ளிக்கினு இருக்காங்க. போலாமா வேணாமா, நீயாவது சொல்லு.”

எனக்குத் தூக்கம் போய்விட்டது. அன்றைய செய்தி என்னவென்றே எனக்குத் தெரியாது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினேன். எங்கள் வீட்டில் மோட்டார் கொட்டகை ஓரம் நின்றால்தான் டேட்டா கார்டுக்கு சிக்னல் கிடைக்கும். திரையில் அந்தச் சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு வழியாக அன்றைய செய்தி திறந்தது. பொழுது ஏறியதும் வாடைக் காற்று வலுக்கும், அலை உயரும், இன்று கடலுக்குப் போக வேண்டாம் என்று இருந்தது.

படித்துக் காட்டினேன். அக்கா, ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே, தள்ளாதீங்க என்று கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. மூச்சிரைக்கத் திரும்ப வந்து, “இங்க நிறுத்திட்டேன். போனவங்கள்ல யார்கிட்ட ஃபோன் இருக்குதுன்னு தெரியல. உன்கிட்ட எல்லார் நம்பரும் இருக்குது இல்ல? அடி” என்றார்.

புரோகிராமைத் திருத்தி ஓட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் அந்த நெட் வேகத்துக்கு ஆகியிருக்காது. ஒவ்வொரு நம்பராக அடிக்க ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு அண்ணி வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் தன் ஃபோனை எடுத்துவந்தார். மேலிருந்து பாதி நான், கீழிருந்து பாதி அவர். நிறைய பேர் கரையிலேயே இருந்தார்கள். அக்கா சொல்லிட்டாங்க என்று வைத்தார்கள். சிலது சுவிட்ச் ஆஃப். சிலது அடித்துக்கொண்டே இருந்து நின்றது. அண்ணி அதுவரை கடலைப் பார்த்ததில்லை. ஆனால் யாரோ சொந்த அண்ணனிடம் பேசுகிற மாதிரி, “வாடக்காத்து ஏறுதாம்ண்ணா, திரும்பிடுங்கண்ணா” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ரெண்டு படகில் ஆள் கிடைத்துவிட்டார்கள். மூன்றாவது படகு கிடைக்கவில்லை. எடுக்காத நம்பர்களையே மறுபடி மறுபடி அடித்தோம். பொழுது நன்றாக வெளுத்துவிட்டது. எங்கள் தோட்டத்துத் தென்னை மட்டை லேசாக ஆடினால்கூட நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அடித்தேன். அண்ணி ஏழோ எட்டோ தடவை அடித்த ஒரு நம்பரில் கடைசியாக ஒருவர் எடுத்தார். அண்ணி சொன்னதைக் கேட்டு ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். திரும்புகிறாரா இல்லையா, எங்களுக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் இருக்கும். எதுவும் சாப்பிடப் பிடிக்காமல் படியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கூப்பிட்டார். மூன்றாவது படகும் வந்துவிட்டதாம். அவர்கள் படகை மணலில் ஏற்றும்போதே காற்று வலுத்துவிட்டதாம். நாலு பேரும் நல்லாருக்காங்க என்றார். அழுதுவிட்டேன்.

ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. உயிர்ப்பி என்று மட்டும் சொன்னால் அந்த சர்வீஸ் அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்துதான் சந்தாவைத் தொடங்கும். இன்றிலிருந்தே வேண்டும் என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் கொடுத்திருந்த விளக்கத்தில் இது தெளிவாகவே இருந்தது. நான்தான் தாண்டிப் போயிருந்தேன். போதாததற்கு, வந்த ஒவ்வொரு பதிலிலும் சக்சஸுக்குக் கீழே தொடங்கும் தேதியும் இருந்தது. ஐம்பத்திரண்டு தடவை வந்ததில் ஒரு தடவைகூட நான் இரண்டாவது வரியைப் படிக்கவில்லை.

அன்றைக்கே அதைத் திருத்தினேன். முதலாளியிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர், வா, நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினார். மரக்காணம் போகிறவரைக்கும் பஸ்ஸில் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அங்கே போய்ப் பார்த்தால் யாரும் திட்டவில்லை. கடல் இன்னமும் கொந்தளித்துக்கொண்டுதான் இருந்தது. படகுகளுக்குப் பக்கத்தில் அந்த நாலு பேரும் மற்றவர்களும் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு டீ கொடுத்தார்கள். தப்பு என்னுடையது என்று நான் சொல்லி முடித்ததும், மூன்றாவது படகில் போயிருந்த ஒருவர் கேட்டார்: “யாரும்மா அது, அண்ணான்னு கூப்ட்டது? எங்க ஊட்டுப் பொண்ணு குரல் மாதிரியும் இல்ல. பேஜாரா போச்சு. ஆனா காத்து எந்தப் பக்கம்னு சரியா சொல்லுச்சு. அதான் திருப்பிட்டோம்.” என் அண்ணி என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கிளம்பும்போது அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாகக் கூட்டிப் போனார்.

“இனிமே நீ எதுனா மாத்துனா, மொதல்ல என் ஃபோனுக்கு ஒரு தடவ அடிக்க வை. வந்துச்சுன்னு நான் சொல்றேன். அப்புறம் நீ வூட்டுக்குப் போ.”

அடுத்த மூன்று வருஷம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதைத்தான் செய்தேன். மீன் கூடையோடு பஸ்ஸில் இருந்தாலும் எடுப்பார். வந்துச்சு பாப்பா என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிடுவார். அவர் சொல்லிச் சொல்லியே பக்கத்து ஊர்களும் சந்தாவில் சேர்ந்தன. தப்பு செய்த கம்பெனியை விட்டு அந்த ஊரில் ஒருவர்கூடப் போகவில்லை.

இப்போது நான் வேறு ஊரில், பெரிய கம்பெனியில் இருக்கிறேன். நான் எழுதுவதைப் பயன்படுத்துகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அன்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அந்த நாலு பேரின் முகத்தைப் பார்த்தவள் என்பதால், வேலை முடிந்தது என்று சொல்வதற்கு முன்னால் அந்தப் பக்கம் இருக்கிற யாராவது ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு இன்றுவரை கூச்சமே வந்ததில்லை.