வீட்டுக்கு வெளியே எரியும் நெருப்பு

இங்கே வீட்டைச் சூடாக்கும் நெருப்பு வீட்டுக்குள் இல்லை. நாற்பதடி தள்ளி, பனிக்கு நடுவே தகரக் கொட்டகைபோல் நிற்கும் பாய்லரில் எரிகிறது. அதில் சூடாகும் தண்ணீர் மண்ணுக்கடியில் குழாய் வழியாக வந்து அறைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகிறது. காலையும் மாலையும் விறகு போட வேண்டும். அணைந்தால் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும். கனடாவின் இந்தச் சிற்றூருக்கு வந்த புதிதில் வீட்டு உரிமையாளர் இதைக் கைஜாடையோடு விளக்கினார். “நான் பாய்லர் அட்டெண்டன்ட், பன்னிரண்டு வருஷம்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். குளிக்க வெந்நீர் போட்டவன் என்று நினைத்தாரோ என்னவோ, தோளில் தட்டிக் கொடுத்தார்.

திருவொற்றியூர் தொழிற்சாலையில் நான் பார்த்துக்கொண்ட பாய்லர் இரண்டு மாடி உயரம். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனால் கேட்டில் பூட்டு. பிறகு ராயபுரத்துக்காரியான என் மனைவி ஸ்டெல்லாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் பின்னால் வந்தேன். என் சர்டிபிகேட்டை இங்கே யாரும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கென்று மிஞ்சியது இந்த விறகு பாய்லர்தான். அதைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

மூன்றாவது குளிர்காலத்தில் எதிர்வீட்டு கேரல் அம்மாள் வேலியருகே வந்தார். தினமும் உங்கள் புகைதான் எங்களை எழுப்புகிறது என்று சிரித்தபடி சொன்னார். நானும் சிரித்து, “தேங்க்யூ, டெய்லி ஆறு மணிக்கு” என்றேன். வீட்டுக்குள் வந்து இதைச் சொன்னதும் ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள்.

“யோவ், அந்தம்மா கொறை சொல்லிகினு கீது, நீ தேங்க்ஸ் சொல்லிட்டு வர்றே. அவங்க வூட்டுக்காரருக்கு நுரையீரல் போயி, ஆக்சிஜன் வெச்சிகினு கீறாரு. எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வர்றாரு.”

திருவொற்றியூரில் தொழிற்சாலையின் பின்தெருப் பெண்கள் ஒருமுறை கரி படிந்த துணிகளோடு கேட்டுக்கு வந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். “எம்புள்ளைக்கு மூச்சு இழுக்குது நைனா. இன்னாதான் கொளுத்துறீங்க உள்ள?” புகை நின்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது அக்கா என்றேன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து, அந்தப் பிள்ளை என்ன ஆயிற்றோ என்று இப்போதுதான் கேட்டுக்கொள்கிறேன்.

புகை குறையட்டும் என்று காய்ந்த விறகாகப் பார்த்துப் போட்டேன். பயனில்லை. தண்ணீர் போதிய அளவு சூடானதும் காற்றுக் கதவு தானாக மூடிக்கொள்ளும்; உள்ளே நெருப்பு மூச்சுத் திணறிப் புகையும். இதன் அமைப்பே அப்படி. இதை மாற்ற முடியுமா என்று கேட்டதற்கு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் வீட்டு உரிமையாளர். மன்னிப்புக் கேட்கப் போனேன். “இட்ஸ் ஓகே” என்று கேரல் அம்மாள் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

“ஊருக்கே போயிடலாமா?” என்றேன் ஸ்டெல்லாவிடம்.

“அங்க இன்னா கீது ஒனக்கு? கம்பெனிய இட்ச்சி தரையாக்கிட்டாங்கன்னு உன் தோஸ்து சொல்லல?”

மாசியில் கேரல் அம்மாளின் கணவர் இறந்துபோனார். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “உன்னால இல்ல. ஏற்கெனவே முடியாமத்தான் இருந்தாரு” என்றாள் ஸ்டெல்லா, என் முகத்தைப் பார்க்காமல்.

அடக்கத்தன்று கடுங்குளிர். எதிர்வீட்டு வாசலில் கார்கள் நின்றன. இன்று ஒருநாள் விறகு போடாமல் இருந்துவிட மனம் தவித்தது. ஆனால் குழாய்கள் உறைந்துவிடும். போட்டேன். புகை எழுந்து அந்தப் பக்கமே சாய்ந்தது. கறுப்பு உடையில் காரருகே நின்ற கேரல் அம்மாள் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அது வணக்கமா, நிறுத்து என்பதா, இந்த ஊரில் இத்தனை நாள் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. நானும் கையை உயர்த்தினேன்.