என் மடக்குக் கத்தியைப் பற்றி நாலு பேர் சொன்னது

மலிவு விலைக்கு மடக்குக் கத்தி விற்பவன், விற்கும்போது ஒரு தடவை சிரிக்க வேண்டும், வாங்கியவர் திரும்பி வரும்போது ஒரு தடவை தலை குனிய வேண்டும். இரண்டு மழைக்கு மேல் தாங்காத குடை விற்பவர்களும், ஒரு காதில் மட்டும் பாடும் இயர்போன் விற்பவர்களும் இதைப் படித்தால் என் கஷ்டம் புரியும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மண்ணூர்க்காரன். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு பெரிய கம்பெனியின் வாசலுக்கு எதிரே தள்ளுவண்டி போட்டிருக்கிறேன். வண்டியில் வலது பாதி என்னுடையது: மடக்குக் கத்தி, நகவெட்டி, சாவி வளையம், சீப்பு. இடது பாதி என் மனைவி முனியம்மாளுடையது: வெள்ளரிக்காய், மாங்காய், கொய்யா. அவள் பக்கம் வாங்கியவர்கள் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. என் பக்கம் குறை சொல்லாதவர்களைத் தேட வேண்டும். சொன்ன ஒவ்வொருவர் முகமும் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு மறக்கிற பழக்கம் கிடையாது.

பிஸ்கட் டின்

கத்தி உள்ளே போகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி குப்புசாமி ஆள்மேல் கருவியை ஓட்டுவார். அது கீ என்று கத்தும். என்னிடம் நேற்றுக் கத்தி வாங்கியவன் இன்று காலை அதோடு மாட்டுவான். முதலில் குப்புசாமி எல்லாவற்றையும் பிடுங்கி டிரம்மில் போட்டார். பிறகு ஆட்கள் உள்ளே போகும் முன் என்னிடமே கொடுத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். பெயர் எழுதிய டேப்பை ஒட்டி, பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். ஷிப்டு முடிந்ததும் வாங்கிக்கொள்வார்கள். விற்ற சரக்கைத் தினமும் திரும்பக் கையில் வாங்கிப் பார்க்கும் தண்டனை வேறு எந்த வியாபாரிக்கும் கிடைத்திருக்காது. துரு ஏறுவது, பிடி ஆடுவது, வாய் மழுங்குவது எல்லாம் என் கண் முன்னாலேயே நடக்கும்.

குப்புசாமிக்கும் எனக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. வண்டியைத் தள்ளிப் போடு, இன்னும் தள்ளிப் போடு என்று என்னை வெயிலுக்குத் துரத்தியவர் அவர். என் கத்தியால் ஒருவன் கையைக் கிழித்துக்கொண்டால் அன்றே வண்டியை எடுக்க வைப்பேன் என்று ஊர் கேட்கச் சொல்லியிருந்தார். ஒரு நாள் டின்னிலிருந்து ஒரு கத்தியை எடுத்து விரித்தார். உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னார்: "இத்த உள்ள வுட்டாக்கூட ஒண்ணும் ஆவாது பெருசு. நீ கத்தின்னு பேர் வெச்சிட்ட பாரு, அதுக்கோசரம் புடிக்க வேண்டிகீது."

டூல்ரூம் தங்கராஜ்

தங்கராஜ் அதே கம்பெனியில், அச்சும் கருவியும் செய்யும் டூல்ரூமில் வேலை செய்கிறார். சேலம் பக்கத்து ஆள். வெள்ளரிக்காய் வாங்க வந்தவர், பேச்சுவாக்கில் என் கத்தி ஒன்றை எடுத்து, தன் பைக் சாவியால் அலகின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். சாவி அப்படியே இருந்தது. அலகில் கோடு விழுந்தது. கத்தியைச் சாவி வெட்டுவதை நான் அன்றுதான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற இரண்டு பையன்கள் எடுத்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள்.

அதோடு விட்டாரா? விரித்த கத்தியின் முதுகில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினார். அலகு சட்டென்று மடங்கியது. "ஸ்பிரிங் செத்துப் போச்சுங்க" என்றார். "எம்பது ரூபாய்க்கு ஸ்பிரிங் உயிரோடவா வரும்?" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை, எனக்கு வந்தது. அன்றிலிருந்து அவர் வெள்ளரிக்காய்க்கு மிளகாய்த்தூள் போட வேண்டாம் என்று முனியம்மாளிடம் சொல்லிவிட்டேன். பல மாதம் அந்த மனிதர் வெறும் உப்போடு தின்றார். ஆனால் அன்று கிளம்பும்போது அவர் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை: "வெட்டாத கத்தி கூடப் பரவால்லைங்க. தானா மூடிக்கிற கத்திதான் கையை எடுக்கும்."

பதினொரு வேலை

என் வண்டியில் உசத்தியான சரக்கு ஒன்று உண்டு. கத்தி, கத்தரி, ரம்பம், திருப்புளி, பாட்டில் திறப்பான் என்று பதினொரு வேலை செய்யும் என்று அட்டையில் போட்டிருக்கும். ஒரகடத்தில் லாரி ஓட்டும் ஒருவர் ஆசையாக வாங்கிப் போனார். அடுத்த வாரம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பொறுமையாக ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். கத்தரி ஆடியது. திருப்புளியின் முனை வளைந்திருந்தது. ரம்பம் விரியவே இல்லை. கடைசியில் பிடியின் ஓரத்திலிருந்து பிளாஸ்டிக் பல்குச்சியை உருவினார். "குறை சொல்லக் கூடாது தலைவரே, இது மட்டும் சூப்பரா கீது."

முனியம்மாளின் கத்தி

முனியம்மாள் காய் அறுக்கும் கத்தி, ரம்பப் பிளேடைத் தீட்டி, பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியது. தண்டலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கினாள். என் கத்தியில் ஒன்றை எடுத்துக்கொள் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். "எனக்கு வேலை கீது" என்று சொல்லிவிடுவாள்.

இதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கல்லூரிப் பெண் ஒருத்தி என் பக்கம் கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பிறகு முனியம்மாளின் கையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். நான் நகவெட்டியின் விலையைச் சொல்லிப் பேச்சை மாற்றினேன். அவள் ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "ஐயா, அந்தம்மா வெச்சிருக்காங்களே, அந்தக் கத்தி விக்கிறீங்களா?"

அண்ணாச்சி

பேச்சி தென்காசிப் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கி, கான்டிராக்டில் வேலை செய்கிறாள். என்னை அண்ணாச்சி என்பாள். அது மளிகைக் கடைக்காரர்களைக் கூப்பிடுவது, என்னை அப்படிக் கூப்பிடாதே என்று முதலில் எரிந்து விழுந்தேன். அவள் கேட்கவில்லை. ஹாஸ்டல் அறையில் கத்தி வைக்கக் கூடாதாம். அதனால் பையிலேயே வைத்துக்கொள்வாள். காலையில் என் டின்னில் போடுவாள், சாயங்காலம் எடுத்துக்கொள்வாள்.

அவளுக்கு ஒரே கவலைதான். ஒரு நாள்கூட ஆப்சென்ட் ஆகாமல் ஓட்டினால்தான் கான்டிராக்டர் அடுத்த வருடமும் எடுத்துக்கொள்வார். காய்ச்சலோடு அவள் ஷிப்டுக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன். ஊரில் தம்பி படிப்பு அவள் சம்பளத்தில் ஓடுகிறது. அவள் கத்தியும் மற்றவர்கள் கத்தி மாதிரியே ஆடிக்கொண்டுதான் இருந்தது. "ஏம்மா, நீ மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?" என்று கேட்டேன். "எம்பது ரூவாய்க்கு இம்புட்டு வெட்டுதே, போதாதா அண்ணாச்சி?"

டின்னில் மிஞ்சியவை

டின்னில் கத்திகள் சேர்ந்துகொண்டே போயின. காலையில் கொடுத்தவர்கள் சாயங்காலம் வாங்காமல் போனார்கள். ஓவர்டைம் பார்த்த களைப்பில் மறந்துவிடுகிறார்கள் என்று நினைத்தேன். பாவம், காசு கொடுத்து வாங்கியவர்கள் ஆயிற்றே என்று ஒரு நாள் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, பஸ் ஏறப் போன ஒருவன் பின்னாலேயே ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான். "தம்பி, உன் கத்தி, உன் கத்தி" என்று கூவினேன். பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. பையன் படியில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டான். "நீயே வெச்சிக்க பெருசு, ஆயுத பூஜைக்குப் பொட்டு வெக்கலாம்."

சிவப்பு விளக்கு

அந்தத் திங்கட்கிழமை காலையில் பேச்சி வலது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். ஊரிலிருந்து அம்மா கருப்பட்டி கொடுத்து விட்டிருக்கிறாள். கல் மாதிரி இறுகிய கருப்பட்டி. கத்தியின் முனையால் குத்திப் பெயர்க்கப் பார்த்திருக்கிறாள். கத்தி மூடிக்கொண்டது. தங்கராஜ் சொன்னது அப்படியே நடந்திருந்தது. அதை அவள் சிரித்துக்கொண்டே சொல்லி, அந்தக் கத்தியையே என் டின்னில் போட்டுவிட்டு கேட்டுக்குப் போனாள்.

கேட்டில் விரல் வைக்கும் மெஷின் இருக்கிறது. துணியை அவிழ்த்து விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடி சிவப்பு. இன்னொரு விரலும் பதிந்திருக்கிறதாம், லைன் வேலையில் ரேகை தேய்ந்து தேய்ந்து மெஷின் அதை எடுப்பது எப்போதோ நின்றுவிட்டது. மெஷின் எடுக்காவிட்டால் ஆப்சென்ட். பின்னால் வரிசை சத்தம் போட்டது. குப்புசாமி வந்து விரலைப் பிடித்துப் பார்த்தார். "எப்டிம்மா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னை நேராகப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். முனியம்மாள் அறுப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நான் சீப்புகளை அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கியிருந்த சீப்புகள் அவை. பேச்சி ஒரு தடவை என் வண்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்: "ஹாஸ்டல் கதவுல நசுங்கிட்டு சார்."

குப்புசாமி

குப்புசாமி அவள் பெயரை நோட்டில் கையால் எழுதி உள்ளே அனுப்பினார். விரல் ஆறும்வரை அப்படியே எழுதுவதாகச் சூப்பர்வைசரிடமும் பேசினார். அவளுக்கு ஆப்சென்ட் விழவில்லை. என் வண்டியும் தப்பித்தது. ஆனால் மத்தியானம் முனியம்மாள் சோற்று டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் டப்பாவை மூடி வைத்தேன்.

டீ நேரத்தில் ரோட்டைத் தாண்டினேன். இத்தனை நாளில் அந்த ஆளிடம் நானாகப் போனது அதுதான் முதல் தடவை. "கதவு இல்ல சார். நான் வித்த கத்திதான். வண்டிய எடுக்கச் சொன்னீங்கன்னா எடுத்துடுறேன்" என்றேன். அவர் டீயை முழுவதும் குடித்து முடித்தார். கப்பைக் கசக்கிப் போட்டார். "கதவுல நசுங்குனா வீங்கும் பெருசு, கோடு போட்டாப்ல கிழியாது. வண்டிய எடுத்தா அந்தப் பொண்ணு சொன்னது பொய்யாயிடும். நான் எழுதுனது அந்தப் பொண்ணுக்கோசரம், உனக்கோசரம் இல்ல."

அதே கத்தி

அப்புறம் டீ குடிக்க வெளியே வந்த தங்கராஜைத் தேடிப் போய், நல்ல கத்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். "நான்தான் சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். விரித்த கத்தியின் முதுகை வண்டிச் சட்டத்தில் வைத்து அழுத்தச் சொன்னார். மடங்கினால் ஒதுக்கிவிட வேண்டும். இருந்த சரக்கு முழுவதையும் அழுத்திப் பார்த்தேன். நின்றவை ஒரு கையில் அடங்கின. மற்றவற்றைக் கோணியில் கட்டி வண்டிக்கு அடியில் போட்டேன். அன்று தங்கராஜ் வாங்கிய வெள்ளரிக்காய்க்கு மிளகாய்த்தூள் போடச் சொன்னேன். முனியம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் அதிகமாகவே போட்டாள்.

சாயங்காலம் பேச்சி வந்தாள். பேக்கிங்கில் போட்டிருக்கிறார்களாம், விரலுக்கு வேலை கம்மியாம். மடங்காமல் நின்ற கத்திகளை அவள் முன்னால் பரப்பி வைத்தேன். "எது வேணும்னாலும் எடுத்துக்கோம்மா, காசு வேணாம்" என்றேன். காலையில் நான் பேசாமல் இருந்ததைப் பற்றியும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பதில் கத்திகளை இன்னொரு தடவை நேராக்கி வைத்தேன். அவள் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து வைத்தாள். பிறகு டின்னுக்குள் கையை விட்டு, தன் பெயர் ஒட்டிய பழைய கத்தியையே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "இதுவே இருக்கட்டும் அண்ணாச்சி. புதுசு எப்ப மூடும்னு தெரியாது, இது எப்ப மூடும்னு எனக்குத் தெரியும்லா."

இப்போதெல்லாம் யார் வந்து கத்தி கேட்டாலும் முதலில் ஒரு துண்டு வெள்ளரிக்காயைக் கையில் கொடுத்து, இதை அறுத்தது என் கத்தி இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் வியாபாரத்தை ஆரம்பிக்கிறேன்.