லாத்தா பார்த்த அறிவிப்பு

கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு தீப்பெட்டி ஆலைகளுக்கும் பட்டாசுக் கடைகளுக்கும் வெப்சைட் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வாரத்துக்கு இரண்டு முதலாளிகளாவது போனில் சண்டைக்கு வருவார்கள். “தம்பி, புது லேபிள் படத்தைப் போடச் சொல்லி நாலு நாளாச்சு, இன்னும் பழசுதான் தெரியுது” என்பார்கள். நான் போட்டும் நாலு நாளாகியிருக்கும். “ஒரு தடவை பாத்த படத்தை உங்க போன் தனக்குள்ளயே ஒரு நகல் எடுத்து வச்சுக்கிடும் அண்ணாச்சி. அடுத்த தடவை சர்வர்கிட்ட போகாம, கையில இருக்கதையே எடுத்து நீட்டிரும். கேஷ்னு பேரு. அதை அழிச்சிட்டுப் பாருங்க” என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். போனை வைத்த பிறகு அவர்களைக் கிண்டலும் செய்வேன். அவ்வளவு திமிர்.

எங்கள் ஜமாஅத்தின் வெப்சைட்டையும் நான்தான் இலவசமாகப் பார்த்துவந்தேன். தொழுகை நேரம், நோன்புக் கால அட்டவணை, யாராவது இறந்தால் மௌத் அறிவிப்பு, அவ்வளவுதான் அதில் இருக்கும். அறிவிப்பு ஒரு படமாக இருக்கும். யார் இறந்தாலும் பழைய படத்தின் மேல் அதே பெயரில் புதுப்படத்தை ஏற்றிவிடுவேன். ஒரு ரமலானில், நோன்பு பிடிக்கும் சஹர் நேரம் பார்க்க ஊரே ஒன்றாகத் திறந்ததில் சர்வர் படுத்துவிட்டது. விலை மலிவான சர்வர், பாவம், அது என்ன செய்யும்? எல்லாப் படங்களையும் போன்கள் ஒரு நாள் வரை தங்களிடமே வைத்துக்கொள்ளலாம் என்று அன்று சர்வரில் எழுதிவைத்தேன். பக்கம் பறந்தது. பள்ளிவாசலில் எல்லோரும் முதுகில் தட்டிப் பாராட்டினார்கள். காலையில் போட்ட மௌத் அறிவிப்பை அன்றைக்கே மாற்றவேண்டி வரும் என்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், விடியற்காலை பஜ்ர் பாங்கு சொல்லும்போது வாப்பா இறந்துபோனார்.

நாங்கள் மூன்று பிள்ளைகள். மூத்தவள் லாத்தா, அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அடுத்தவர் அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, சவூதியில் வேலை. கடைசி நான். லாத்தா தானே ஒருவரைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு ஓட்டப்பிடாரத்துக்குப் போய்ப் பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத ஊர். வாப்பா அவள் பேரை வீட்டில் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார், நாங்களும் எடுக்கவில்லை. என்னிடம் அவள் நம்பர் இருந்தது. இரண்டு பெருநாளுக்கும் வாழ்த்து அனுப்புவேன், அவளும் அனுப்புவாள். அதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அறிவிப்பின் வாசகத்தைக் காக்காதான் போனில் சொன்னார். முதல் விமானத்தைப் பிடித்து எப்படியாவது வந்துவிடுவதாக நம்பிக்கொண்டிருந்தார். “சாயந்தரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம்னு போடு. பிள்ளைங்க பேருல நம்ம ரெண்டு பேர் பேரு போதும்.” நான் ஒன்றும் கேட்கவில்லை. சொன்னபடியே ஏற்றிவிட்டு, யாருக்கும் தெரியாமல் பக்கத்தின் இணைப்பை லாத்தாவுக்கு அனுப்பினேன். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. என்ன எழுதுவது? மகள் என்று போடாத அறிவிப்பை மகளுக்கே அனுப்புகிறவன் என்ன எழுதிவிட முடியும்?

எட்டு மணிக்குக் காக்கா மறுபடி கூப்பிட்டார். டிக்கெட் கிடைக்கவில்லை. அவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “எனக்காகப் போட்டு வைக்க வேண்டாம்லே. மதியம் லுஹர் தொழுகைக்கே எடுத்துருங்க.” பிறகு சொன்னார்: “எனக்குத்தான் முகம் பாக்கக் கொடுத்து வைக்கல. அவளாவது வந்து பாக்கட்டும். அவ பேரையும் போட்டுரு.”

லாத்தாவின் பேரை முதலில் எழுதி, அஸரை லுஹர் ஆக்கி, படத்தை ஏற்றினேன். என் கணினியில் திறந்து பார்த்தேன். சரியாக இருந்தது. நான் வேலை பார்க்கும் கணினி ஆயிற்றே, அதில் நகல் எதுவும் தங்காதபடி வைத்திருப்பேன், எப்போதும் புதுசுதான் காட்டும். நேரம் மாறியதைப் பள்ளிவாசல் மைக்கிலும் சொல்லிவிட்டார்கள். ஊருக்குள் எவருக்கும் என் பக்கம் தேவைப்படவில்லை. அதை நம்பி ஒருத்திதான் இருந்தாள்.

அவளுக்கு எழுதினேன்: “மறுபடி ஒரு தடவை திறந்து பாரு லாத்தா.” நேரத்தை எழுதவில்லை. பேரைப் பற்றியும் எழுதவில்லை. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வாப்பாவின் மகளாக அவள் பேர் ஊர் அறிவிப்பில் வந்திருப்பதை அவள் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. “பாத்தேன்.”

உம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “பாத்துட்டா உம்மா, வந்துருவா.” உம்மா வாப்பாவின் முகத்தை மூடவே விடவில்லை.

எங்கள் வீட்டுப் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்கு வருவதில்லை. உடலை வைத்துத் தூக்கும் சந்தூக் வாசலைத் தாண்டுவதற்குள் பார்த்தால்தான் முகம். பன்னிரண்டரை ஆயிற்று, அவள் வரவில்லை. பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னேன், பொறுத்தார்கள். அதற்குள் ஒரு போன் போட்டிருக்கலாம். போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. பேரைப் போட்டாயிற்று, காக்காவே இறங்கி வந்துவிட்டார், பார்த்தேன் என்றும் சொல்லிவிட்டாள், இன்னும் என்ன வீம்பு? வர மனசிருந்தால் வந்திருக்கமாட்டாளா? அந்த ரோஷத்தில் நான் கூப்பிடவில்லை. உம்மா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு துணியைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். முகத்தை மூடினார்கள்.

அடக்கிவிட்டு நாங்கள் திரும்பும்போது மழை விட்டிருந்தது. தெருமுனையில் ஆட்டோவிலிருந்து லாத்தா இறங்கினாள். இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் வேகமாக நடந்து வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். அவள் கண் என் காலில் இருந்தது. கரண்டைக்கு மேலே வரை மையவாடிக் கரிசல் அப்பியிருந்தது.

“இன்னும் எடுக்கலைல்ல?” என்று கேட்டாள்.

நான் கத்தினேன். அவ்வளவு பேர் நிற்கும் தெருவில், வாப்பாவை அடக்கிவிட்டு வந்த அதே வாயால் கத்தினேன். “இப்ப வாரியே, இதுதான் வர நேரமா? பாத்தேன்னு சொன்னேல்லா?”

அவள் பையிலிருந்து போனை எடுத்துத் திறந்து என் முன்னால் நீட்டினாள். காலையில் நான் போட்ட அறிவிப்பு. அஸருக்குப் பிறகு நல்லடக்கம். பிள்ளைகள் இரண்டு பேர்.

“நேரத்தோட வந்தா எல்லாரு கண்ணுலயும் படணும். அதான் அஸருக்குக் கொஞ்சம் முன்னால வந்து, ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிருவோம்னு இருந்தேன்” என்றாள். எங்கே எதில் தப்பு நடந்தது என்பது அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவனுக்குப் புரியாமல் இருக்குமா?

ஆனாலும் மறுநாள் கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். வேறு யார் மேலாவது பழியைப் போட முடியாதா என்ற நப்பாசைதான். சர்வரில் இருந்த படம் புதியது, லுஹர் என்றுதான் இருந்தது. எந்தப் படத்தை யார் எப்போது கேட்டார்கள் என்று சர்வர் ஒரு பதிவு வைத்திருக்கும். அதில் தேடினேன். நான் இணைப்பை அனுப்பிய அடுத்த நிமிடம் லாத்தாவின் போன் பக்கத்தையும் படத்தையும் வாங்கியிருந்தது. அதன் பிறகு அதே ரகப் போன் பக்கத்தை மட்டும் பதினோரு தடவை திறந்திருந்தது. படத்தை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று நான்தானே சொல்லியிருந்தேன், அதனால் அது கையில் இருந்த பழசையே பதினோரு தடவையும் அவளுக்குக் காட்டியிருக்கிறது. கடைசி இரண்டு தடவை அவள் பஸ்ஸில் இருந்திருக்க வேண்டும்.

படத்தின் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றினால் போன் அதைப் புதுப்படம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு வரி வேலை. இரண்டு நிமிடத்தில் முடித்தேன். முடித்துவிட்டு மேசையில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

லாத்தா உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “எதுக்குத் திரும்பத் திரும்பத் திறந்த?” என்று கேட்டேன்.

“நீ மறுபடி பாருன்னு சொன்னியே. எதையோ கவனிக்காம விட்டுட்டமோன்னு பஸ்லயும் பாத்துக்கிட்டேதான் வந்தேன். என் பேரு இல்லங்கதைத்தான் பாக்கச் சொல்லுதியோன்னு நெனச்சேன்.”

அவள் போனை வாங்கி, உள்ளே தங்கியிருந்த நகல்களையெல்லாம் அழித்துவிட்டுப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். புது அறிவிப்பு வந்தது. மூன்று பிள்ளைகள், முதலில் அவள் பேர். காக்கா அழுததையும் அவர் சொன்னதையும் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று அப்போதும் எதிர்பார்த்தேன், மடையன்.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “பேரு இல்லாமத்தானேலே கெளம்பி வந்தேன்” என்றாள். “மணிய மட்டும் சொல்லிருக்கலாம்லா.”

பிறகு போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “முகம் எப்படி இருந்துச்சு?”

“தூங்குத மாதிரிதான் இருந்துச்சு லாத்தா. குளிப்பாட்டும்போது நான்தான் பிடிச்சிருந்தேன். தாடிய ஒதுக்கி, அத்தர் தடவி விட்டோம்.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“வாப்பா தாடி வச்சிருந்தாவளா?”